அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வந்ததிலிருந்து, வானம் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் இந்தக் கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

அகச்சிவப்பு என்பது வெப்பம்தானே?

பாதி சரி. அது ஒளி, நம் கண்ணுக்குப் பிடிபடாத ஒளி. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை ஒரு பட்டகத்தின் வழியே நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, நிறம் எதுவுமே விழாத இடத்தில்தான் பாதரசம் அதிகம் ஏறியது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.7-க்கு மேல் சில நூறு மைக்ரான் வரை நீள்வதெல்லாம் அகச்சிவப்பு.

வெப்பத்தோடு சேர்த்துப் பேசுவதற்கும் காரணம் இருக்கிறது. எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அலைநீளத்தில் ஒளிவிடுகிறது. 2900-ஐக் கெல்வின் கணக்கிலான வெப்பநிலையால் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் வருவது) வகுத்தால், அந்தப் பொருள் எத்தனையாவது மைக்ரானில் அதிகம் ஒளிர்கிறது என்பது கிடைத்துவிடும். சூரியப் பரப்பு 5,800 கெல்வின்; விடை அரை மைக்ரான். உங்கள் உடம்பு 310 கெல்வின். விடை ஒன்பது மைக்ரானுக்குச் சற்று மேல். இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் நீங்கள் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். இந்த வகுத்தல் கணக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை தேவைப்படும்.

தரையிலிருந்து பார்த்தால் ஆகாதா?

ஓரளவுக்கு ஆகும். காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. நடுநடுவே சில ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கும். அந்த ஜன்னல்களுக்காகத்தான் வறண்ட உயரமான இடங்களைத் தேடிப் போகிறார்கள்: ஹவாயின் மௌனா கியா, சிலியின் அட்டகாமா, இந்தியாவில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் ஹான்லே. பால்வீதியின் மையத்தில் பெரும் எடையுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று காட்டி 2020-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவருமே தரையிலிருந்த தொலைநோக்கிகளில், 2 மைக்ரானை ஒட்டிய ஜன்னல் வழியாகத்தான் அதைச் சுற்றும் நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

ஜன்னல் திறந்திருந்தாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை 280, 300 கெல்வின். கணக்குப் போட்டால் பத்து மைக்ரான் வருகிறது. அதாவது பத்து மைக்ரானில் பார்க்கும் கண்ணுக்கு வானமே தகதகவென்று எரிகிறது, தொலைநோக்கியின் குழாயும் கண்ணாடியும் சேர்ந்து எரிகின்றன. அந்தக் கண்ணுக்கு நடு இரவும் பட்டப்பகல்தான். பலூனில் தூக்கிப் பார்த்தார்கள், விமானத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். சோஃபியா என்ற 747 விமானம் 2.5 மீட்டர் தொலைநோக்கியோடு 2022 வரை பறந்தது. நிலவின் வெயில்படும் பகுதியிலும் நீர் மூலக்கூறு உண்டு என்று 2020-ல் சொன்னது அதுதான். ஆனாலும் காற்றை முழுசாகத் தாண்டினால்தான் தீர்வு.

தாண்டிப் போனால் போதாதா? எதற்கு அவ்வளவு குளிர்?

காற்றின் வெளிச்சம் போய்விடும். தொலைநோக்கியின் சொந்த வெளிச்சம் எங்கே போகும்? அறை வெப்பநிலையில் இருக்கும் கண்ணாடி தன் வெளிச்சத்தைத் தானே உணர்கருவிமீது கொட்டும். பல கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து ஒன்றும் இரண்டுமாக வந்து சேரும் ஒளித்துகள்கள் அந்த வெள்ளத்தில் காணாமல் போய்விடும். அகச்சிவப்பு வானியலின் கதை முழுவதும் தன் சூட்டோடு தானே நடத்தும் மல்லுக்கட்டுதான் என்று எனக்குத் தோன்றும். கண்ணாடியின் அளவையும் தங்கப் பூச்சையும் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், குளிரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

முதலில் கண்ட வழி முரட்டுத்தனமானது: பெரிய தெர்மாஸ் குடுவை போன்ற ஒரு கலத்தில் திரவ ஹீலியத்தை நிரப்பி, அதற்குள்ளேயே தொலைநோக்கியை வைத்து அனுப்பினார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து அனுப்பிய ஐராஸ் அப்படித்தான் போனது. கண்ணாடி 57 செ.மீ.தான். ஹீலியம் ஆவியாகித் தீரப் பத்து மாதம் ஆனது, அத்தோடு வேலையும் முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய முழு வானத்தையும் வரைந்துவிட்டது.

ஐராஸின் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கருவிகளின் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேகா நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். நம் மரபில் அபிஜித் என்று சொல்வது அதைத்தான். நன்றாகத் தெரிந்த, சாதுவான நட்சத்திரம், எடைக்கல் மாதிரி. பார்த்தால் நீண்ட அலைநீளங்களில் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு பிரகாசம். கருவிதான் கோளாறு என்று முதலில் சந்தேகம். கடைசியில் தெரிந்தது, நட்சத்திரத்தைச் சுற்றிக் குளிர்ந்த தூசு வட்டு ஒன்று இருக்கிறது; அதன் வெப்ப ஒளிதான் அந்த உபரி. வேறு சூரியன்களைச் சுற்றியும் கோள்கள் உருவாகும் மூலப்பொருள் உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. அதே வட்டை 2024-ல் வெப் தொலைநோக்கி நெருக்கமாகப் படமெடுத்துக் காட்டியது. ஆச்சரியம் என்னவென்றால், வட்டு வழவழவென்று இருக்கிறது. பெரிய கோள் எதுவும் அதில் தடம் பதித்த மாதிரி தெரியவில்லை.

ஹீலியம் தீர்ந்தால் தொலைநோக்கி செத்துவிடுமா?

ஹெர்ஷல் தொலைநோக்கி அப்படித்தான் முடிந்தது. 3.5 மீட்டர் கண்ணாடியோடும் 2,300 லிட்டருக்கு மேல் ஹீலியத்தோடும் 2009-ல் போனது. 2013 ஏப்ரலில் ஹீலியம் வற்றியது. மிக நீண்ட அலைநீளங்களைப் பார்க்கும் கருவி என்பதால், கொஞ்சம் சூடேறினாலே அதற்குக் கண் போய்விடும்.

ஸ்பிட்சர் என்ற இன்னொரு தொலைநோக்கிக்கு வேறு அதிர்ஷ்டம். 2003-ல் ஏவப்பட்டது, 85 செ.மீ. கண்ணாடி, 360 லிட்டர் ஹீலியம். 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்தது. ஆனால் பூமியை விட்டு விலகி, சூரியனைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்ததால், ஹீலியம் இல்லாமலே 30 கெல்வினுக்குப் பக்கத்தில் நின்றது. 3.6, 4.5 மைக்ரான் கேமராக்கள் இரண்டுக்கும் அந்தக் குளிர் போதும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை, இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு நட்சத்திரத்தைச் சுற்றி பூமி அளவிலான ஏழு கோள்கள் இருப்பதை 2017-ல் உறுதிசெய்ததில் பெரும்பங்கு ஸ்பிட்சருடையது. அதாவது, எரிபொருள் தீர்ந்த வண்டி என்று கைவிட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

வெப் தொலைநோக்கிக்கு ஹீலியம் கிடையாதா?

தீர்ந்துபோகும் ஹீலியம் கிடையாது. ஸ்பிட்சரில் கற்ற பாடம்: நிழலும் தூரமும் இருந்தால் குளிர் தானாக வரும். அதனால் ஒரு குடையை விரித்தார்கள். 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், டென்னிஸ் மைதானம் அளவு. காப்டன் என்ற பிளாஸ்டிக் தாளில் அலுமினியப் பூச்சு, மொத்தம் ஐந்து அடுக்கு. சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கின் தடிமன் 0.05 மி.மீ., மற்ற நான்கும் அதில் பாதி.

தடிமனாக ஒரே அடுக்கு போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரே அடுக்கானால் சூடு அதன் வழியே ஊறி மறுபக்கம் வந்துவிடும். ஐந்து அடுக்குக்கும் நடுவே இருப்பது வெற்றிடம், கடத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஓர் அடுக்கு அடுத்ததை நோக்கிக் கதிராக வீசும் சூடும், இரண்டு பளபளப்பான பரப்புகளுக்கு நடுவே பட்டுப் பட்டுப் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. விளைவு, வெயில் பக்கம் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸ், ஆற்றாமல் குடிக்க முடியாத டீயின் சூடு. சில மீட்டர் தள்ளி நிழல் பக்கம் மைனஸ் 233 டிகிரி, அதாவது 40 கெல்வின்.

நம் கணக்கின்படி 40 கெல்வின் பொருள் 70 மைக்ரானைத் தாண்டித்தான் ஒளிரும். வெப் பார்ப்பது 0.6-லிருந்து 28 மைக்ரான் வரை. ஆகவே கண்ணாடியின் சொந்த வெளிச்சம் பெரிய தொல்லையில்லை. மிரி என்ற ஒரு கருவிக்கு மட்டும், அதன் உணர்கருவி இன்னும் குளிர வேண்டும் என்பதால், 7 கெல்வினுக்கும் கீழே கொண்டுபோகும் தனிக் குளிர்சாதனம் உண்டு. அதில் ஹீலியம் வாயு மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரிதான், கொஞ்சம் விலை கூடுதல்.

குடையை மடித்து அனுப்பியதுதான் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. மடிப்பைப் பிடித்திருந்த 107 பூட்டுகளும் ஒன்றுவிடாமல் திறக்க வேண்டும், ஒன்று சிக்கினாலும் போய்ச் சரிசெய்ய ஆளில்லை. 2022 ஜனவரி 4 அன்று ஐந்து அடுக்கும் இழுத்துக் கட்டப்பட்டன என்று அறிவித்தபோதுதான் பலர் மூச்சுவிட்டார்கள்.

பூமிக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கலாமே?

பூமியும் சூடான பொருள்தான். சூரியன் ஒருபக்கம், பூமி இன்னொருபக்கம், நிலா வேறொருபக்கம் என்றால் ஒரு குடை போதாது. சூரியனுக்கு நேர்எதிர்த் திசையில், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்2 என்ற இடம் இருக்கிறது. நிலாவின் தூரத்தைப் போல நான்கு மடங்கு. அங்கே நின்றால் மூன்றும் ஒரே பக்கம் இருக்கும், ஒரு குடையில் மூன்றையும் மறைத்துவிடலாம். வெப் அந்தப் புள்ளியிலேயே குந்தியிருப்பதில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பெரிய வட்டமாகச் சுற்றி வருகிறது. அதனால் பூமியின் நிழலில் சிக்காமல் சூரியத் தகடுகளுக்கு எப்போதும் வெயில் கிடைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. உந்துகருவிகள் எல்லாம் குடையின் வெயில் பக்கத்தில்தான் இருக்கின்றன. வேகம் கூடி எல்2-வைத் தாண்டிவிட்டால், பிரேக் போடுவதற்குத் தொலைநோக்கியையே திருப்ப வேண்டும். திருப்பினால் கண்ணாடி வெயிலில் வெந்துவிடும். எனவே 2021 டிசம்பர் 25 அன்று, நம் நேரப்படி மாலை 5:50-க்கு, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய ஆரியன் 5 ராக்கெட் வேண்டுமென்றே கொஞ்சம் குறைவான வேகத்தில்தான் தள்ளிவிட்டது. மிச்சத்தை வெப் தானே உந்திக்கொண்டது. ராக்கெட் அவ்வளவு துல்லியமாக விட்டதால் எரிபொருள் நிறைய மிஞ்சியது. பத்தாண்டு வந்தால் போதும் என்றிருந்தவர்களுக்கு இப்போது இருபதாண்டுக்கு மேல் கணக்கு.

கண்ணாடியில் எவ்வளவு தங்கம் இருக்கிறது?

மொத்தம் 48 கிராம் போல. நம் கணக்கில் ஆறு பவுன். பதினெட்டு அறுகோணத் துண்டுகள், குறுக்களவு 6.5 மீட்டர், அத்தனைக்கும் சேர்த்து ஆறு பவுன்தான். பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. தங்கம் அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிக்கும், கறுக்காது. நீல ஒளியை அது விழுங்கிவிடும், வெப்புக்கு அது தேவையுமில்லை.

தங்கத்தைவிட அடியில் இருக்கும் பெரிலியம்தான் சுவாரசியம். குளிரக் குளிர எந்த உலோகமும் சுருங்கும், வளையும். அறை வெப்பநிலையில் மிகச் சரியாக இழைத்த கண்ணாடி 40 கெல்வினில் தப்பாகிவிடும். அதனால் முதலில் குளிரவைத்து எங்கே எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். பிறகு அறை வெப்பநிலையில் அதற்கு நேர்மாறாக, வேண்டுமென்றே தப்பாக இழைத்தார்கள். குளிரில் போய் அது தானே சரியான வடிவத்துக்கு வந்தது. 2017-ல் ஹூஸ்டனில் நாசாவின் ராட்சத வெற்றிட அறையில் வைத்துக் குளிரவைத்துச் சோதித்தபோது வெளியே ஹார்வி புயல் ஊரை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. சோதனையை நிறுத்தவில்லை.

ஹப்பிளுக்குப் பதிலா இது?

இல்லை. ஹப்பிள் புறஊதாவையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பார்ப்பது, வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு. வேகா வட்டை இரண்டும் சேர்ந்துதான் ஆராய்ந்தன.

படங்களிலுள்ள நிறங்கள் பொய்யா?

கண்ணுக்குத் தெரியாததற்கு நிறம் என்று ஒன்று கிடையாது, ஆகவே யாரோ ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும். தீர்மானிக்கும் விதத்தில் ஒழுங்கு உண்டு: குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு, நடுவிலுள்ளதற்குப் பச்சை. பாட்டை நம் குரலுக்கு ஏற்றபடி சுருதி இறக்கிப் பாடுவது போல. சுரங்களின் வரிசை மாறுவதில்லை.

பிரகாசமான நட்சத்திரங்களில் தெரியும் முனைகளைப் பற்றியும் கேட்பார்கள். அவை தொலைநோக்கியின் கைரேகை. அறுகோண விளிம்புகளால் ஆறு பெரிய முனைகள், முன்னால் இருக்கும் சிறு கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் கிடைமட்டமாக இரண்டு சின்ன முனைகள். எண்ணிப் பாருங்கள், எட்டு வரும். நாலு மட்டும் இருந்தால் அது ஹப்பிள் படம்.

தூசுக்குள் பார்க்கலாம் என்கிறார்களே, எப்படி?

விண்வெளித் தூசின் துகள் மிகச் சிறிது, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதைவிட நீளமான அலை அதைப் பெரிதாகச் சட்டை செய்யாமல் கடந்துபோகும். பால்வீதியின் மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒன்றுதான் நம்மிடம் வந்து சேர்கிறது. 2.2 மைக்ரானில் ஏறத்தாழ பத்தில் ஒன்று வந்துவிடுகிறது. அந்த ஒரு வித்தியாசத்தால்தான் மேலே சொன்ன நோபல் பரிசே சாத்தியமானது.

கழுகு நெபுலா என்ற வாயு, தூசு மேகத்தின் ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். 6,500 ஒளியாண்டு தூரம். 1995-ல் ஹப்பிள் எடுத்ததில் தூண்கள் கற்சுவர் மாதிரி நிற்கும். 2022-ல் வெப்பின் குறைந்த அலைநீள அகச்சிவப்பு கேமராவில் அதே தூண்கள் மெல்லிய திரையாகி, உள்ளே இப்போதுதான் பிறந்த நட்சத்திரங்கள் சிவப்புப் பொட்டுகளாகத் தெரிகின்றன. மிரியில் பார்த்தால் கதை மறுபடி மாறும்: நட்சத்திரங்கள் பெரும்பாலும் மறைந்து, தூசே ஒளிரத் தொடங்கும். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகச்சிவப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

பழைய காலத்தைப் பார்க்கிறது என்பது உண்மையா?

ஒளி வந்து சேர நேரமாகிறது என்ற அளவில் உண்மை. அதற்கு அகச்சிவப்பு எதற்கு என்பதுதான் கேள்வி. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், வழியில் வரும் ஒளியின் அலைநீளமும் சேர்ந்து நீள்கிறது. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்சியை (நம் பால்வீதி போன்ற நட்சத்திரக் கூட்டம்) எடுத்துக்கொள்வோம். 2024-ல் அறிவித்தார்கள், பெருவெடிப்புக்கு 29 கோடி ஆண்டு கழித்து அது எப்படி இருந்ததோ அப்படித்தான் நமக்குத் தெரிகிறது. அதன் ஒளி 15 மடங்கு நீண்டுவிட்டது. ஹைட்ரஜன் வாயு 0.12 மைக்ரானுக்குக் கீழுள்ள புறஊதா ஒளியை விழுங்கிவிடும். அந்த வெட்டு 15 மடங்கு நீண்டு 1.8 மைக்ரானில் வந்து விழுகிறது. ஆக, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்தக் கேலக்சி இருந்த இடம் சுத்தமான இருட்டு.

இங்கே ஆராய்ச்சியாளர்களுக்கே ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அவ்வளவு இளம் பிரபஞ்சத்தில் இவ்வளவு பிரகாசமான கேலக்சிகளை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி 2025-ல் இதே கேலக்சியில் ஆக்சிஜனையும் கண்டது. ஆக்சிஜன் இருந்தால், அதற்கு முன்பே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து வெடித்திருக்க வேண்டும். பெருவெடிப்புக் கொள்கையே தப்பு என்று சிலர் யூடியூபில் கிளம்பினார்கள்; அப்படியெல்லாம் இல்லை. நட்சத்திரங்கள் எவ்வளவு சீக்கிரம் உருவாக முடியும் என்ற நம் கணக்குத்தான் திருத்தத்துக்கு வந்திருக்கிறது.

வேற்றுக் கோளில் உயிர் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

இல்லை. கண்டுபிடித்தது காற்றை. கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது நட்சத்திர ஒளியில் கொஞ்சம் கோளின் காற்றுமண்டல விளிம்பில் புகுந்து வருகிறது. அங்குள்ள மூலக்கூறுகள் தத்தம் அலைநீளங்களைக் கடித்துக்கொள்கின்றன. கார்பன் டை ஆக்சைடின் கடி 4.3 மைக்ரானில் விழும். 2022-ல் 700 ஒளியாண்டு தூரத்திலுள்ள வாஸ்ப்-39பி கோளில் அது பளிச்சென்று தெரிந்தது. பிறகு கந்தக டை ஆக்சைடும் தெரிந்தது. நட்சத்திர ஒளி பட்டு அங்கே வேதிவினை நடக்கிறது என்பதற்கு அது சாட்சி.

டிராப்பிஸ்ட்-1-இன் ஏழு கோள்களில் உள்ளே இருக்கும் முதல் கோளின் சூட்டை 2023-ல் அளந்தார்கள்: ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ். சூட்டை மறுபக்கம் கொண்டுபோகும் கனமான காற்று இல்லை என்று தெரிகிறது. நீங்கள் செய்தியில் படித்தது கே2-18பி-ஆக இருக்கும். அதில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாக 2023-ல் வந்தது. 2025 ஏப்ரலில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடின் சாயல் தெரிகிறது என்றது ஒரு கேம்பிரிட்ஜ் குழு. அதே தரவை வேறு குழுக்கள் அலசிவிட்டு, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. என்னைக் கேட்டால் இரண்டாம் தரப்பின் பக்கம்தான் நிற்பேன்.

இதனால் நமக்கு நேரடியாக என்ன லாபம்?

விண்கற்கள். சாதாரணத் தொலைநோக்கியில் ஒரு கல்லின் பிரகாசம் மட்டும்தான் தெரியும். சின்ன வெள்ளைக் கல்லும் பெரிய கரிக்கல்லும் ஒரே மாதிரி மினுங்கும். வெயிலில் காய்ந்த கல் வீசும் சூட்டை அளந்தால் உண்மையான அளவு வந்துவிடும். 2024 டிசம்பரில் கண்டுபிடித்த 2024 ஒய்ஆர்4 என்ற கல், 2032-ல் பூமியில் மோதும் வாய்ப்பு 3 சதவீதம் வரை ஏறியபோது அதன் அளவு 40 மீட்டரா 90 மீட்டரா என்றே தெரியவில்லை. வெப் பார்த்து 60 மீட்டர் போல என்றது. பாதை தெளிவானதும் பூமிக்கான அபாயம் நீங்கிவிட்டது. இந்த வேலைக்கென்றே நியோ சர்வேயர் என்ற தனி அகச்சிவப்புத் தொலைநோக்கியை நாசா கட்டிவருகிறது.

வேறென்ன வரப்போகிறது?

2025 மார்ச்சில் போன ஸ்ஃபியரெக்ஸ் முழு வானத்தையும் 102 அகச்சிவப்பு நிறங்களில் வரைகிறது. அடுத்து நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி: ஹப்பிள் அளவே கண்ணாடி, நூறு மடங்கு அகலமான பார்வை. இவையெல்லாம் வெப் மாதிரி ஆழமாகத் தோண்டுபவை அல்ல, பரவலாக உழுபவை.

வெப் பழுதானால்?

போய்ச் சரிசெய்ய முடியாது. 2022 மே மாதமே எதிர்பார்த்ததைவிடப் பெரிய நுண்கல் ஒன்று ஒரு கண்ணாடித் துண்டில் அடித்துத் தழும்பை விட்டுவிட்டது. படங்கள் பெரிதாகக் கெடவில்லை. அதன்பின் கற்கள் எதிரே வரும் திசையை நோக்கித் திரும்புவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அகச்சிவப்பை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

டிவி ரிமோட்டை எடுங்கள். நுனியிலுள்ள சிறு விளக்கைக் கண்ணால் பார்த்தபடி ஒரு பட்டனை அழுத்துங்கள், ஒன்றும் தெரியாது. அது ஏறத்தாழ 0.94 மைக்ரானில் மினுக்குகிறது. இப்போது அதையே இருட்டறையில் போன் கேமரா வழியாகப் பாருங்கள். வெளிர் ஊதாவாகப் பளிச் பளிச்சென்று தெரியும். பின்பக்க கேமராவில் வரவில்லையென்றால் செல்ஃபி கேமராவில் முயன்று பாருங்கள். பல போன்களில் முன்பக்கத்தில்தான் வடிகட்டி பலவீனமாக இருக்கும்.